ஜெனிவாலின் ஃபா

மூன்றாவது முறையாக அக்கார்டியன் பட்டறைக்குத் திரும்பி வந்தது. வாரில் அதே சீட்டு: ‘ஃபா சரியில்லை.’

பரைபா மாநிலத்தின் வறண்ட பக்கத்தில் சுலெய்தி இருபத்தாறு வருடமாக அக்கார்டியன் பழுது பார்க்கிறாள். முந்தைய இரண்டு முறையும், டோ-ரே-மி-ஃபா-சோல் வரிசையில் வரும் அந்த ஃபா சுரத்தின் ரீடுகளை, ஒலி எழுப்பும் உலோக நாக்குகளை, ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, சுருதி பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்திருந்தாள். முள் இம்மி விலகவில்லை.

“என்னடா, மறுபடியுமா?”

“பேண்டு மாஸ்டர் குடுத்தாருக்கா.” தம்பி ஜெனிவாலுக்கு நாற்பத்தெட்டு வயது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பாட்டின் நோட்டுத் தாளைப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டதை வாசிப்பான்.

“பெட்டி நல்லாத்தான் இருக்குன்னு சொல்ல வாய் இல்லையா?”

“அவரு படிச்சவரு. சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ஜூன் திருவிழா மேடைக்கு வேற ஆளாம்.” யாருக்கோ நடப்பதைப் போலச் சொன்னான்.

சுலெய்தி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நகராட்சி பேண்டின் ஒத்திகைக்குப் போனாள். முதல் பாட்டிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பேண்டு முழுக்க ஃபாவை அரைச் சுரம் ஏற்றி ஊதியது. ஜெனிவால் மட்டும் ஏற்றாமல் வாசித்தான். இரண்டும் உரசிப் பல் கூசியது.

“மாஸ்டர், பெட்டியும் சரி, வாசிப்பும் சரி.”

“இது சோல் மேஜரும்மா, சோல்லேருந்து தொடங்குற மேஜர் வரிசை. அதுல ஃபா ஏறணும்” என்றார் மாஸ்டர் அடால்து.

“டேய், இடது கையை டோவோட குழிப் பொத்தான்ல வை. வெள்ளைக் கட்டைல மட்டும் டோவுலேருந்து டோ வரைக்கும் வாசி.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடும் மேஜர் வரிசை வந்தது.

“இப்ப இடது கையை ஒரு பொத்தான் மேல தள்ளு, சோலுக்கு. வலது கை சோல்லேருந்து சோல். கறுப்பைத் தொடாத.”

சந்தையில் பாடுகிறவர்களின் சாயல் அப்படியே வந்தது. டிரம்பட்காரர் தலையாட்டினார்.

“கட்டை மாறல மாஸ்டர், வீடுதான் மாறுச்சு. டோவோட ஏழு சுரத்தையும் வச்சுக்கிட்டு சோல்ல குடியிருக்கோம். இங்க பாதிப் பாட்டு இப்படித்தான்.”

மாஸ்டர் பிடரியைச் சொறிந்தார். “இந்த வரிசைக்குப் பேரு மிக்ஸோலிடியன். பரீட்சையில எழுதியிருக்கேன்.”

“எழுதினவரு எதுக்கு இந்தப் பெட்டிய மூணு தடவை அனுப்புனீங்க?”

“பாட்டு சோல்ல முடியுதேன்னு பழக்கத்துல ஃபாவுக்கு ஏத்தக் குறி போட்டுட்டேன்.” ரப்பரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக அழிக்கத் தொடங்கினார். “மேடையில ஜெனிவாலே இருக்கட்டும்” என்றார், நிமிராமலே.

“மூணாவது பாட்டுல அழிச்சிராதீங்க மாஸ்டர்” என்றான் ஜெனிவால். “அதுல ஃபா ஏறத்தான் செய்யும்.”

சுலெய்தி அவனையே பார்த்தாள். “அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“ஏன்டா சொல்லல?”

“பெட்டியில என்ன கோளாறுன்னுதானே கேட்டாரு.”

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. அவன் விரல் கறுப்புக் கட்டைக்குப் பிசகாமல் போனது.

“யாரு அது, நல்லா வாசிக்கிறாரே?” என்றாள் பக்கத்திலிருந்த பெண்.

“என் தம்பிதான்” என்றாள் சுலெய்தி, புகார் சொல்லும் குரலில்.