உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

அந்த வீடியோவை அழித்தது உப்புக்காற்று அல்ல. நான்தான்.

மணமேல்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் வாடிக்கையாளர் இல்லை என்ற தைரியம்தான், வேறென்ன.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து செல்வி தன் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். விண்டோஸ் ஏறவில்லை. அவர் கணவர் போன படகு கடலில் கவிழ்ந்து, உடல்கூடக் கிடைக்கவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு, இது வாவல், இது சங்கரா என்று அந்த மனிதர் மீன்களின் பெயர் சொல்லிக்கொடுக்கும் நான்கு நிமிட வீடியோ அதில் இருந்தது. அவர் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அது.

"அது மட்டும் போயிராம பாத்துக்கங்கண்ணே."

"டி-யிலதானே இருக்கு? ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

என் கைக்கு வரும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பேன். சி-யில் விண்டோஸ், டி-யில் படங்கள். விண்டோஸ் பழுதானால் சி-யை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போடலாம். அதனால் டி-யில் இருப்பதை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவைக்கும் வழக்கமே எனக்கு இல்லை. அரை மணி நேரம் மிச்சம்! அதை அனுபவம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அதிலும் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல் இரண்டையும் சரிபாதியாக வைப்பது என் பழக்கம். எக்ஸ்பி போடும்போது வரும் நீலத் திரையில் இரண்டு வரிகள், இரண்டிலும் ஒரே அளவு. சி-யா டி-யா என்று எழுத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேனா? யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டே கீழ் வரியை அழித்தேன். உறுதிதானா என்று அது கேட்டது. உறுதி என்றேன். அதன் மேலேயே விண்டோஸையும் ஏற்றினேன்.

அழித்தது டி-யை என்று அப்புறம்தான் தெரிந்தது. மீட்டெடுக்கும் மென்பொருள்களை ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்த்தேன். வீடியோவின் பெயர் மட்டும் வந்தது... ஓடவில்லை.

செல்வி வந்து நின்றார். "டிஸ்க் செத்துப்போச்சுங்க. உப்புக்காத்து அரிச்சிருச்சு" என்றேன். எங்கள் கரையில் இந்தக் காரணத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். இரும்பு கேட்டையும் டிவியையும் அதுதானே தின்கிறது.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "நாந்தாண்ணே காரணம். காத்து வரட்டும்னு சன்னலத் தொறந்தே போட்டேன்" என்று அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? என் செலவில் புது டிஸ்க் மாட்டியிருந்ததற்கு நன்றி வேறு சொன்னார்.

பிறகு மேஜைமேல் கிடந்த பழைய டிஸ்க்கைக் கேட்டார். "அவுக மொகம் இருந்த சாமான். வீட்டுல இருக்கட்டும்."

உண்மையிலேயே செத்த டிஸ்க்குகள் கடையில் எத்தனையோ கிடந்தன. மாற்றிக் கொடுக்கக்கூட அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பிறகொரு நாள் பிரிண்டர் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். கணவரின் படத்துக்குக் கீழே அந்த டிஸ்க், குங்குமப் பொட்டோடு. கடல் பக்கத்துச் சன்னலில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார். ஃபேன் ஓடியும் வீடு புழுங்கியது.

போன வாரம் அவர் மகள் ஸ்கூட்டரில் கடைக்கு வந்தாள். இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

"மாமா, அந்த டிஸ்க்க எங்க லேப்ல மாட்டிப் பாக்கவா? அப்பா கொரல் எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு."

என்ன சொன்னேன் தெரியுமா?

"வேணாம்மா. கரண்ட் குடுத்தா உள்ள மிச்சமிருக்கறதும் போயிரும்."

அவள் நம்பிவிட்டாள்.

அந்த டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. மாட்டினால் சுற்றும். உள்ளே நான் அன்றைக்கு ஏற்றிய விண்டோஸ் தேதியோடு இருக்கிறது; கம்ப்யூட்டர் படிப்பவளுக்கு அது ஒன்று போதும். வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். அவள் வந்துவிடுவாளோ என்று பயமா, வந்துவிடட்டும் என்ற ஆசையா... எனக்கே தெரியவில்லை.

இன்று இதுவரை அவள் வரவில்லை. அந்தச் சன்னலையும் யாரும் திறக்கவில்லை.