விமான நிலையத்துக்கு ஒரு ஃபோன்

என் அக்கா ஸோராய்தாவுக்கு ஹைட்ரஜன் பைத்தியம். கேலக்ஸிகளில் இன்னும் விண்மீனாகாத ஹைட்ரஜன் வாயு நிறையக் கிடக்கிறதாம். அது மெல்லிய ரேடியோ அலை விடுமாம். எங்கள் புவேர்ட்டோ ரிக்கோ மலைக்குள் இருக்கும் பெரிய ஆன்டெனாவில் அந்த அலையைப் பிடித்து, எந்தக் கேலக்ஸியில் எவ்வளவு வாயு என்று கணக்குப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பார்க்க வந்த மாப்பிள்ளைகளைக்கூட அவள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு புதுக் கேலக்ஸி கிடைத்துவிட்டது என்று குதித்தாள். கிறிஸ்துமஸ் நேரம் வேறு. முழுப் பன்றியைச் சுட்டு, ரம் ஊற்றி, தெருவையே கூட்டினோம். பன்றி செரிப்பதற்குள் தெரிந்துவிட்டது, அவள் பிடித்தது விமான நிலைய ரேடாரை. அன்று முதல் பக்கத்து மேசை எஃப்ரயீனுக்கு அவள் பெயரே ‘ரேடார்’. அவள் எதைக் கண்டாலும், “விமான நிலையத்துக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடட்டுமா?” என்பான். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

போன ஜூனில் மறுபடி ஒன்று மாட்டியது. ஏகப்பட்ட வாயு, ஆனால் தொலைநோக்கியில் எடுத்த எந்தப் படத்திலும் அந்த இடத்தில் ஒரு விண்மீன்கூட இல்லை. விண்மீனே பிறக்காத கேலக்ஸி! அக்காவுக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. இதுவும் ரேடார் என்றால் அவள் பேச்சை இனி எவனும் நம்பமாட்டான்.

சோதிக்க ஒரே வழி, காத்திருப்பது. ஆறு மாதத்தில் பூமி சூரியனின் அந்தப் பக்கம் போய் எதிர்த்திசையில் ஓடும். வானத்து அலை என்றால், நாம் ஓடும் திசை மாறியதில் அதன் அலைவரிசையும் மாறி, திரையில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ரேடார் நம்மோடு சேர்ந்தே சுற்றுவதால் பழைய இடத்திலேயே நிற்கும்.

டிசம்பரில், பட்டப்பகலில், அந்தத் திசை மறுபடி மேலே வந்தது. துவரைச் சோற்றைச் சுடச்சுடத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். அலை கெடும் என்று அங்கே மைக்ரோவேவ் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். செல்ஃபோனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அக்கா திரையில் ஓரிடத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள். கணக்குப்படி அலை வரவேண்டிய இடம் அது.

எஃப்ரயீன் எட்டிப் பார்த்தான். பழைய இடத்தில் வெறும் கோடு.

“காணோமே! ரேடார், உன் கேலக்ஸி லீவுல போயிடுச்சு!”

“வாயை மூடிக்கிட்டு பாருடா.”

சிவப்பு டேப்புக்கு அடியில் கோடு மெல்ல முதுகு தூக்கியது. இன்னும் தூக்கியது. பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது!

“வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு!” கத்தியது நான்தான். ஆனந்தம் தாங்கவில்லை. சோற்றை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

அக்கா மேசை ஃபோனை எடுத்து எஃப்ரயீன் கையில் திணித்தாள்.

“போடு ஃபோன். ‘இது உங்களோடது இல்லைங்க’ன்னு விமான நிலையத்துல சொல்லு.”

“யாரு சொல்லச் சொன்னாங்கன்னு கேட்டா?”

“ஸோராய்தான்னு சொல்லு,” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.