கல்பனா கையில் இருந்த சைட்டுகள்

கல்பனாவின் அண்ணன், அண்ணி, அவளோடு வேலை பார்த்த நந்தினி, நான், என் வீட்டுக்காரர். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம்.

டாக்டர் வெளியே வந்தார். அண்ணன் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான்... கல்பனா போய்விட்டாள். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செங்கம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ் வைத்திருந்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

கிரிவலம் வருகிறவர்களுக்காக நான் ஒரு பிளாக் எழுதுவது உங்களுக்குத் தெரியும். சமையல் முடித்து, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. ஆனால் ஒரு வருஷம் எழுதியும் என் வீட்டுக்காரரையும் என் நாத்தனாரையும் தவிர யாரும் படிக்கவில்லை. நெட்டில் தேடினால் வரவே வராது.

கல்பனாவிடம் போய்க் காட்டினேன். ஸ்கிரீனைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா... எல்லாப் பக்கத்துக்கும் ஏன் ஒரே தலைப்பு? 'உ', 'உ', 'உ'..."

"பிள்ளையார் சுழிம்மா. மேல அதைப் போடாம எப்படி எழுதறது?"

பேப்பரில் எழுதுகிற மாதிரியே மேல் கட்டத்தில் 'உ' போட்டுவிட்டு, தலைப்பைக் கீழே எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த மேல் கட்டம்தான் தலைப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தின் விலாசம்கூட அதை வைத்துத்தான் அமைந்திருந்தது. உ-2, உ-3 என்று வரிசையாக.

விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, தேடற மெஷின் பாவம்க்கா! இந்தம்மா என்னதான் சொல்ல வராங்கன்னு குழம்பிப் போயிருக்கும்."

சுழியை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். எடுக்கச் சொல்லவே இல்லை அவள். "அது பாட்டுக்கு உள்ள முதல் வரில இருக்கட்டும். தலைப்புக்குத் தனி எடம், தேடறவங்க பாக்கற ரெண்டு வரிக்குத் தனி எடம்" என்று ஒரு பிளக்இன் போட்டாள். பிளக்இன் என்றால் சைட்டோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி.

பழைய விலாசங்களை மாற்றிய பிறகு இன்னொரு பிளக்இன். பழைய விலாசத்தைத் தட்டினாலும் அது புதுப் பக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். "உங்க நாத்தனார் சேவ் பண்ணி வெச்சிருப்பாங்க. அவங்க வாசல்லயே நிக்கக் கூடாதில்ல?" என்றாள். ஒரே ஒரு ஆளுக்காக!

அந்த முதல் பிளக்இன்னில், எழுத்து சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். எனக்கு அது பைத்தியமாகிவிட்டது. பச்சை வரவேண்டும் என்று வரிக்கு வரி 'கிரிவலம்' என்று சேர்த்தேன்.

"அக்கா, இது கட்டுரையா, அர்ச்சனையா? இத்தனை தடவை கூப்பிட்டா அண்ணாமலையார் வேணா வருவாரு, படிக்கறவங்க ஓடிடுவாங்க."

"பச்சை எரியுதே கல்பனா?"

"சிக்னல்லயும்தான் எரியுது. ஆளு குறுக்க வந்தா நிறுத்தறோம் இல்ல?"

ஒரு பௌர்ணமியன்று என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விசாரணை கவுன்ட்டர் பக்கத்தில் டீயை வைத்துக்கொண்டு சும்மா நின்றோம். "எழுதாதீங்க. கேளுங்க" என்றாள்.

நான் எழுதிய லிங்க தரிசன மகிமையை அங்கே யாரும் கேட்கவில்லை. பௌர்ணமி எப்ப ஆரம்பிக்குது? செருப்ப எங்க விடறது? முட்டி வலி இருக்குது, நடுவுல ஆட்டோ கிடைக்குமா? லேடீஸ் பாத்ரூம் எங்க?

"இதான்க்கா தலைப்பு. அவங்க கேக்கற மாதிரியே வைங்க. உள்ள வந்தப்பறம் மகிமையைச் சொல்லுங்க, யாரு வேணாம்னாங்க?"

ஊரில் யாருக்கு சைட் செய்தாலும் முதலில் அவர்களுடைய வாசலில் போய் இப்படி நின்று கேட்டுவிட்டுத்தான் வருவாளாம். நந்தினி சொன்னாள்.

சில மாதம் கழித்து கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் போன ஒரு அம்மா மகளிடம் போனைக் காட்டி, "இதோ போட்டிருக்குதுடி, கோயில் தாண்டினதும் பாத்ரூம் இருக்குதாம்" என்றார். எட்டிப் பார்த்தேன். என் பக்கம்... என் எழுத்து... எனக்கு மேல் எல்லாம் சிலிர்த்துவிட்டது. மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அங்கேயே நின்று கல்பனாவுக்கு போன் போட்டேன்.

"நீங்கதான் எழுதினதுன்னு சொன்னீங்களாக்கா?"

"இல்லம்மா, கூச்சமா இருந்துது."

"நல்லதாப் போச்சு. பாவம், எந்த அவசரத்துல இருந்தாங்களோ!"

இன்று காலை கீழ்பென்னாத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் சொன்னதைக் கேட்டதும் பகீர் என்றது. ஆபீஸைக் காலி செய்துவிட்டு, அவள் போன் நம்பரையும் நிறுத்திவிடப் போகிறாராம்.

பல பேருடைய சைட்டுக்குள் நுழைய வேண்டிய ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வருகிறது. அது நின்றால் சைட்டுக்கு உரியவர்களே உள்ளே போய் எதையும் மாற்றவோ, வருஷக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கவோ முடியாது. ஒவ்வொன்றாக நின்றுபோகும். அவள் செய்ததெல்லாம் போய்விடும்.

"யாரு யாருது இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. அதை வெச்சிக்கினு நாங்க என்ன பண்றது?" என்றார். கோபமில்லை. அழுது ஓய்ந்த குரல்.

"கொஞ்ச நாள் பொறுங்கண்ணா, நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன். காரியம் முடிகிற வரைக்கும் நம்பரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

யாருடைய சைட் என்று நந்தினிக்கும் பாதிதான் தெரிகிறது. ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள், டிபன் கடை, தையல் கிளாஸ் நடத்தும் ஒரு அம்மா... மற்றவர்கள் யார் என்று தெரியவில்லை. ஆபீஸுக்கு நேரில் வந்தால் நந்தினி உங்கள் நம்பருக்கு மாற்றித் தருவாள்.

போய் வாம்மா கல்பனா. அண்ணாமலையார் பாதத்தில் இரு.

கல்பனாவிடம் சைட் கொடுத்து வைத்திருந்தவர்கள் யாராக இருந்தாலும், பாஸ்வேர்டு எதுவும் இங்கே போடாமல், கடையின் பெயரை மட்டும் கீழே எழுதுங்கள். தயவுசெய்து இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள்.