ஏழுமலை செய்த ரிஞ்சு

புது இரும்பில் எண்ணெய் தடவினால் எழும் வாடையை நான் முதன்முதலில் அறிந்தது என் நைனாவின் சட்டையில்தான். உத்திரமேரூர் ஏரி வறண்டு, கழனி வேலை இல்லாமல் ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எழுபதுகளின் நடுவில், கூலியாளான அவர் மெட்ராஸுக்குப் போய், கிண்டிப் பக்கம் குழாய் திருகும் "ரிஞ்சு" செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். மாதத்துக்கொரு முறை வருவார். அந்தச் சட்டையை அம்மா சவக்காரம் போட்டு எத்தனை அடித்துத் துவைத்தாலும் வாடை போகாது. எனக்கோ அது போகாமலிருப்பதுதான் பிடித்திருந்தது.

ஒருமுறை வாய் கோணிப்போன ரிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட "பீஸ்". கைப்பிடியில் கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் புடைத்திருந்தது. மூன்றாம் வகுப்பில் ஏபிசிடி கற்றிருந்த நான்தான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் வீட்டில் குழாயே கிடையாது, பிறகு ரிஞ்சு எதற்கு? ஆனாலும் இரும்பில் பெயர் போட்ட சாமான் செய்கிறவரின் மகள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு பொங்கலுக்கு அவர் வரவில்லை. தை போயிற்று, மாசியும் போயிற்று. அம்மாவின் தம்பி, என் மாமா, ரோஷக்காரர். ரிஞ்சில் இருந்த பெயரை விசாரித்துக்கொண்டே போய்க் கம்பெனியைக் கண்டுபிடித்து, கேட்டில் நின்று, ஏழுமலையின் மச்சான் உத்திரமேரூரிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். வாட்ச்மேன் உள்ளே போய்க் கொண்டுவந்த பதிலை, வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படியே சொன்னார்.

"எனக்கு உத்திரமேரூர்ல யாரும் இல்ல, போவச் சொல்லுன்னு உள்ளேர்ந்தே சொல்லி அனுப்பிச்சிட்டாருக்கா. மூஞ்சியகூடக் காட்டல."

வேலை முடியும்வரை நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டுக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால், அவன் மறுபடி அந்த வாசலில் நிற்கமாட்டான். நின்றால் அது மானக்கேடு. மாமா திரும்பிவிட்டார், அம்மாவும் போகவில்லை. ஊர் சும்மா இருக்குமா? மெட்ராஸில் ஏழுமலைக்கு வேறு குடும்பம் இருப்பதாக, நேரில் போய் விருந்து சாப்பிட்டு வந்ததுபோல் பேசினார்கள். அம்மா நாற்று நட்டும் கல் உடைத்தும் என்னைப் படிக்கவைத்தாள். அவரைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாள் போகாது. "எங்கியோ நல்லா துன்னுகினு கீறான்" என்பாள், உலை வைக்கும்போதெல்லாம்.

கிரீஸ் மூடிக் கிடக்கும் கருவிகள் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகக் காட்சி தருவது ஆயுத பூஜையன்றுதான். அன்று நான் பொரி வாங்கும் சாக்கில் பம்புசெட் கொட்டகை, சைக்கிள் கடை, லாரி ஒர்க்‌ஷாப் என்று சுற்றி, ஒவ்வொரு ரிஞ்சின் கைப்பிடியையும் குனிந்து படிப்பேன். அந்தப் பெயர் இருந்து, இரும்பும் புதிதாக இருந்தால் நைனா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார் என்பது என் கணக்கு. சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். எங்கள் வீட்டிலோ அம்மா அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் முறத்துக்கும் பொட்டு வைப்பாள், ரிஞ்சுக்கு மட்டும் வைக்கமாட்டாள். பழைய இரும்புக்காரன் கேட்டால் கொடுக்கவும் மாட்டாள். எண்பதுகளின் பாதியில் அந்தப் பெயர் போட்ட புது ரிஞ்சு வருவது நின்றுபோனது.

பணி ஓய்வு பெற்றபின் அந்தக் கம்பெனியின் கதையைத் தேட ஆரம்பித்தேன். ஒரு கிழவி ரிஞ்சு கம்பெனியின் பூர்வோத்திரத்தை ஏன் விசாரிக்கிறாள் என்று பாரிமுனை இரும்புக் கடைகளில் விழித்தார்கள். ஒருவர் நான் பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுப்பவளா என்று மரியாதையாகக் கேட்டார். கம்பெனியை யார் ஆரம்பித்தார்கள், எங்கெல்லாம் விற்றார்கள், பங்காளிச் சண்டையில் எப்படி மூடினார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், அங்கே ஃபோர்மேனாக இருந்த பெரியவர் ஆதம்பாக்கத்தில் இருப்பதாகச் சொல்லி அழைத்துப்போனார்.

ஏழுமலை என்றதும், எந்த ஏழுமலை என்று கேட்டார் பெரியவர். இரண்டு பேர் இருந்தார்களாம்.

எங்கள் ஜில்லாவில் தெருவுக்கு ஓர் ஏழுமலை உண்டு. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கேட்டில் நின்ற மாமாவுக்கும் தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தப் பதிலைச் சொன்னவர் திண்டிவனத்து ஏழுமலை. உத்திரமேரூரிலிருந்து யாரோ மச்சான் என்று வந்து நிற்கிறான் என்று அவர் சிரித்தபோதுதான், அப்படியானால் மற்ற ஏழுமலை ஊர் போய்ச் சேரவில்லையா என்று ஃபோர்மேனுக்கு உறைத்து, கேட்டுக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் மாமா போய்விட்டார். காண்ட்ராக்ட் ஆளுக்கு விலாசம் ஏது? யாரும் தேடவில்லை.

"அவன் பொங்கலுக்கு மொத நாளே கெளம்பிட்டானேம்மா" என்றார் பெரியவர். "பொண்ணுக்குன்னு ஊதா கலர்ல பாவாடைத் துணி வாங்கியாந்து எல்லார்கிட்டயும் காட்டினான்."

முன்பின் தெரியாத அந்த வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். திரும்பும் வழியில் கம்பெனி இருந்த இடத்தையும் பார்த்தேன். அடுக்குமாடி வீடுகள். மாமா நின்ற கேட் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. நம்மை அவர் கைவிடவில்லை என்று கேட்டால் மனம் ஆறுவாள் என்று நம்பித்தான் சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

"கெளம்பிட்டாராமா?"

"ஆமாம்மா. நம்ம வூட்டுக்குத்தான்."

வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். "வூட்டுக்குன்னு கெளம்புன மனுசன் வந்து சேரலன்னா, வழியிலியே செத்துட்டாருடி" என்றாள். நான் ஆதம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைக்காமல் தள்ளிக்கொண்டே வந்தது அதைத்தான். இத்தனை வருஷம் அவர் எங்களுக்குத் துரோகி, ஆனால் உயிரோடு இருந்தார்.

அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நேற்றுவரை திட்டிய வாய். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து, யார் போய்விட்டது என்று கேட்டார்கள். எங்க நைனா என்றேன். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பக்கா?" என்றாள்.

"இப்பத்தான்" என்றேன்.