எல்லோரும் நஜீம்

மட்டாஞ்சேரியில் நஜீமை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சாயாக்கடையில் மாஸ்டர், பள்ளிவாசல் படியில் மாஸ்டர், மீன்காரிக்கும் மாஸ்டர். கல்யாண மேடைகளில் தொடங்கி, சினிமாப் பாட்டுகளுக்கு நடனம் அமைக்கும் அளவுக்கு வளர்ந்தவருக்கு அது உரிய மரியாதைதான். நஜீமுக்கு மட்டும் அது போதவில்லை. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் டைரக்டர் சார், வியர்க்க வியர்க்க ஆடிக் காட்டுகிறவன் வெறும் மாஸ்டரா? ஊர் ஒரு தடவையாவது தன்னை டைரக்டர் என்று கூப்பிட வேண்டும். அதற்காகக் கையிலிருந்த பாட்டு வேலைகளை எல்லாம் விட்டார்.

சுக்கு வியாபாரி முகமது இஸ்மாயில் பணம் போட ஒப்புக்கொண்டார். மறுநாளே நஜீம் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வாங்கிவிட்டார். கதை பிறகுதான் வந்தது. தகப்பன் சாகிறார், குடும்பம் அழுகிறது, ஊரும் சேர்ந்து அழுகிறது.

நடன வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஆடிக் காட்டுவார். எதிரே நிற்பவர்கள் நிலைக்கண்ணாடி மாதிரி அதை அப்படியே ஆட வேண்டும். விரல் நுனி பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. பாட்டுக்கு அது சரி. நஜீம் அழுகைக்கும் அதையே வைத்தார். ஒரு கையை நெற்றியில் ஒட்டி, கழுத்தைச் சாய்த்து, கீழுதட்டைக் கடித்து, ‘ஏழு, எட்டு’ என்று எண்ணி விம்மிக் காட்டினார்.

விதவையாக நடித்த அம்மிணி நாடகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். “மாஸ்டரே, இது நிங்க அழுகிற அழுகையல்லே? நான் எப்ப அழறது?” என்று கேட்டாள்.

“டைரக்டர்னு கூப்பிடுங்க சேச்சி” என்றார் நஜீம். அவள் கேட்டதற்கு அதுதான் பதில்.

படத்தில் ஒரே ஒரு பாட்டு. டைரக்டர் ஆடிக் காட்டுவது கௌரவக் குறைச்சல் என்று அதை மனைவி ரஹீனாவின் தலையில் கட்டினார். இத்தனை வருஷமாக அவருக்கு உதவியாளாக நின்றவள் அவள். இஸ்மாயிலின் கிடங்கில் சுக்கு புடைக்கும் பெண்களையே நிறுத்தினாள். எதையும் ஆடிக் காட்டவில்லை. அவரவர் புடைக்கிற மாதிரியே புடைக்கச் சொல்லி, தாளத்தை மட்டும் கை தட்டிப் பிடித்துக் கொடுத்தாள். அந்நேரம் நஜீம் இடப்பள்ளியில் யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் காட்சிக்குத் தெருவே போயிருந்தது. திரையில் தகப்பன் செத்தார். அம்மிணி நெற்றியில் கை வைத்துக் கழுத்தைச் சாய்த்தாள். மகன் சாய்த்தான். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாய்த்தார். குழி வெட்டுகிறவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உதட்டைக் கடித்தபோது, முன்வரிசையில் ஒருவர் நிதானமாகச் சொன்னார்:

“படகைத் தவறவிட்டுட்டுப் படகுத்துறையில நிக்கிற நம்ம மாஸ்டரல்லே இது?”

அடக்கம் முடியும்வரை சிரிப்பு அடங்கவில்லை. சுக்குக் கிடங்குப் பாட்டு வந்தபோதுதான் அரங்கம் வாயை மூடியது. முடிந்ததும் கைதட்டியது. நஜீம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

படம் தியேட்டரை விட்டுப் போன வேகத்தில் இஸ்மாயில் சுக்குக்குத் திரும்பினார். நஜீமின் போன் வெகுநாள் ஊமையாகக் கிடந்து, ஒரு மத்தியானம் அடித்தது. தொண்டையைச் செருமி, “டைரக்டர் நஜீம்” என்றார்.

எதிர்முனையில் ஒரு படக் கம்பெனிக்காரர் மாஸ்டரைக் கேட்டார்.

மானத்தை விழுங்கிக்கொண்டு, “மாஸ்டரும் நான்தான்” என்றார்.

“நிங்களல்ல. சுக்குப் பாட்டு செஞ்ச மாஸ்டர்.”

இப்போது வல்லார்பாடத்தில் படப்பிடிப்பு. பாட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தவர் நஜீம். பெண்கள் வரிசையில் நின்றதும், பழக்கதோஷத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினார்.

“நீங்க ஒண்ணும் காட்டாதீங்க” என்றாள் ரஹீனா, அவரைத் திரும்பிப் பார்க்காமல். “அப்படியே செஞ்சிடுவாங்க.”