நடுப்பிள்ளை அளவு

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு எங்கள் வீட்டில் புத்தகம் வைக்கவில்லை. பெட்டி வைத்தோம். ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காத கூரியர் பெட்டி. அதைத் தூக்கி வந்தவர், "உள்ள டைல்ஸா சார்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

டைல்ஸ் இல்லை. என் மூன்று பிள்ளைகளின் எதிர்காலம்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும். போன மே மாதம் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் பள்ளிக்கூடங்களைக் கிழித்து நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கலாம். 'பள்ளிக்கூடமா, கோழிக்கூடா?' என்று தலைப்பு. எத்தனை பாராட்டு! வாட்ஸப்பில் எத்தனை கைதட்டல் பொம்மைகள்! எல்லாம் நன்றாகத்தான் போனது, என் மனைவி பிந்து அதை வாசிக்கும்வரை.

பிந்து நெய்யூரில் நர்ஸ். ஊசி போடுகிற அதே முகத்தோடு கேட்டாள்.

"அப்போ நம்ம பிள்ளைய மூணும் கோழியாக்கும்?"

"ஏய், அது பொதுவா எழுதுனது..."

"ஊருக்குப் பொதுவா எழுதுனவிய, வீட்ல செஞ்சு காட்டுங்க பாப்போம்."

எழுதுகிறவனுக்கு வரக்கூடிய ஆபத்துகளில் பெரியது எது தெரியுமா? வழக்கு அல்ல, வசவு அல்ல. எழுதியதைச் செய்யச் சொல்வதுதான்.

ரோஷம் வந்துவிட்டது. ஜூன் மாதம் பிள்ளைகளை அனுப்பவில்லை. மூத்தவள் அபி, ஒன்பதாம் வகுப்பு. நடுவில் அஜின், பத்து வயது. கடைசி மீனு, ஆறு வயது; அப்போது அவளுக்கு 'அ'வையும் 'ஆ'வையும் ஒன்றாக நிறுத்தினால் குழப்பம் வரும். தக்கலைக்குப் பக்கத்தில், பின்னால் ரப்பர் தோட்டம் உள்ள எங்கள் வீடு அன்றிலிருந்து பள்ளிக்கூடம். நான் ஹெட்மாஸ்டர். ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. பாடத்திட்டம்.

தேட ஆரம்பித்தேன். அடடா... அது ஒரு கடல்!

ஒரு பாடத்திட்டம், பிள்ளைக்கு ஏழு வயதுவரை எழுத்தையே காட்டாதே, மூளை வாடிவிடும் என்றது. இன்னொன்று, ஐந்து வயதில் வாசிக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்றது. மீனுவுக்கு ஆறு. ஒருவர் கணக்கில் அவசரம், மற்றவர் கணக்கில் அடக்கமே ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அவள் முற்றத்தில் அயினிச் சக்கைச் சுளை தின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது பாடத்திட்டம் லத்தீன் மொழியில் தொடங்குவது. களியக்காவிளையைத் தாண்டி கேரளத்துக்குள் போய் ஒரு சாயா கேட்பதற்கே எனக்கு நாக்கு புரளாது. லத்தீனை நான் எங்கே போய்க் கொடுக்க?

நான்காவது முழுக்க முழுக்க இயற்கை. முதல் வாரப் பாடமே, 'இலையுதிர் காலத்தில் உதிர்ந்த வண்ண இலைகளைச் சேகரிக்கவும்.' எங்கள் ஊரில் ஒழுங்காக இலை உதிர்ப்பது ரப்பர் மரம் ஒன்றுதான். அதுவும் மார்கழி, தையில். அதுவரை இயற்கைக் கல்வி தள்ளிவைக்கப்பட்டது.

இதற்கிடையில் அபி வாரம் தவறாமல் வந்து நிற்பாள்.

"அப்பா, எனக்கு எப்பம் முடிவாகும்?"

"ஆராய்ச்சி நடக்கு மக்கா."

"அடுத்த வருஷம் எனக்குப் பத்தாம் கிளாஸாக்கும். கெமிஸ்ட்ரி யாரு சொல்லித் தருவா?"

"அடுப்பங்கரையே ஒரு லேப்தான மக்கா? உப்பு, புளி, சோடாப்பு..."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அமிலம் இருந்தது. பெயர் தெரியவில்லை. எனக்கும் யாரும் கெமிஸ்ட்ரி ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை.

ஒரு ரகசியத்தை இங்கே உடைத்துவிடுகிறேன். பாடத்திட்டம் தேர்வு செய்வதைப்போல ஒரு சுகமான வேலை அப்பாக்களுக்குக் கிடையாது. காலையிலிருந்து மாலைவரை கல்விக்காகவே உழைக்கலாம் – ஒருத்தருக்கும் ஒரு பாடமும் நடத்தாமல்!

செப்டம்பரில் பிந்துவின் பொறுமை தீர்ந்தது.

"இஞ்ச பாருங்க. விஜயதசமி அன்னைக்கு பூஜை எடுத்த உடனே மீனு ஒரு வரி வாசிக்கணும். வாசிச்சா உங்க பள்ளிக்கூடம் நடக்கட்டும். இல்லைன்னா அன்னைக்கே மூணையும் கூட்டிட்டு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போயிருவேன். அங்க அன்னைக்கு அட்மிஷன் உண்டு. கேட்டியளா?"

கேட்டேன். கேட்ட வேகத்தில் ஒரு பாடத்திட்டத்தை ஆர்டர் போட்டேன். எதை? யாருடைய வயதுக்கு? மூன்று பேருக்கு மூன்று வாங்கினால் வீடு தாங்காது. அப்போதுதான் என் அப்பா கை கொடுத்தார். ஓணத்துக்கு அவர் ஒரே துணியில் அண்ணன், நான், தம்பி மூவருக்கும் சட்டை தைக்கக் கொடுப்பார். தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போவது நான் மட்டும். "நடுப்பிள்ளைக்கு அளவு எடும் ஓய், மத்தவனுவளுக்கு அதுவே காணும்." அண்ணனுக்கு வயிறு தெரியும், தம்பிக்குக் கை தெரியாது. ஆனாலும் ஓணம் நடந்தது அல்லவா?

பதினான்கு, பத்து, ஆறு. கூட்டி மூன்றால் வகுத்தேன். சரியாகப் பத்து! கணக்கே ஆமோதித்துவிட்டது. பத்து வயதுக்குரிய பாடத்திட்டம் ஒரு பெட்டி.

பெட்டி வந்தது பூஜைக்குப் புத்தகம் வைக்கிற அன்று சாயங்காலம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு வைத்த புத்தகத்தை விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. வேறு எதையும் வாசிக்கவும் கூடாது. பிள்ளைகள் இவ்வளவு பக்தியோடு அனுசரிக்கிற விரதம் வேறு கிடையாது. பிந்து பெட்டியை அப்படியே சாமி முன்னால் தள்ளினாள்.

"இத்தன மாசமா நீங்க பாத்தாச்சு. இனி சாமி பாக்கட்டும்."

எனக்கோ நிம்மதி. பரீட்சைக்கு முன்னால் புத்தகத்தைத் தொட்டால் பாவம் என்று சாமியே சொன்னால், அந்த சாமியை எந்த மாணவனுக்குத்தான் பிடிக்காது?

விஜயதசமி விடிந்தது. சூடம் காட்டியானது. வெட்டுக்கத்தியால் டேப்பைக் கிழித்தேன். புத்தகம் புத்தகமாக வெளியே வர, பிந்து ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்தாள். எல்லாம் வழவழ தாள், எல்லாம் இங்கிலீஷ். முதல் பாடத்தைத் திறந்து மீனுவின் மடியில் வைத்தேன். பனி மூடிய ஒரு வீட்டின் படம்.

"வாசி மக்கா."

மீனு பொரியை மென்றுகொண்டே பார்த்தாள். "அப்பா, கூரைக்கு மேல எதுக்குப் பஞ்சு காயப் போட்டிருக்கு?"

அஜின் எட்டிப் பார்த்தான். இது அவன் அளவு. அவனுக்காவது பொருந்த வேண்டும். "இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அப்பமே தெரியும்ப்பா. இந்த இங்கிலீஷ்தான் ஒண்ணும் புடிபடல்ல" என்று எழுந்து போய்விட்டான். நடுப்பிள்ளை அளவு நடுப்பிள்ளைக்கே சேரவில்லை!

பிந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "செரி, புறப்படுங்க பிள்ளைகளா."

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

"பள்... ளிக்... கூ... டமா..."

மீனுவின் கையில் பொரி கட்டி வந்த பழைய பத்திரிகைத் தாள்.

"கோ... ழிக்... கூ... டா?"

அடுத்து என் பெயர் இருந்தது. அதையும் வாசித்தாள், எந்த மரியாதையும் இல்லாமல்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா பிந்து! இதாக்கும் என் முறை! திணிக்காம, இயற்கையா, தானா மலருது..."

"அக்கா சொல்லித் தந்தா" என்றாள் மீனு.

அறை வாசலில் அபி நின்றிருந்தாள். "பக்கத்து வீட்டு ஜெனிஷாகிட்ட ஒண்ணாங்கிளாஸ் புக்கு வாங்கி, பின்படியில வச்சு நாந்தான் படிப்பிச்சேன். உங்க ஆராய்ச்சி முடியட்டும்னு காத்திருந்தா இவளுக்குக் கல்யாணமே ஆயிரும்."

அடி பலம்தான். ஆனாலும் விடுவேனா? "யாரு படிப்பிச்சா என்ன? வாசிச்சாச்சுல்லா? பந்தயப்படி நாமதான் ஜெயிச்சோம். நம்ம பள்ளிக்கூடம் நடக்கும்!"

பிந்து வாயைத் திறந்தாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மூடிக்கொண்டாள். பேசியது அபி.

"ஜெயிச்சது நானாக்கும்ப்பா. அதனால நான் கேக்குதத தரணும்."

"கேளு மக்கா. என்ன வேணும்?"

"எனக்கு டீச்சர் வேணும். மீனுவுக்கு நான் இருந்தேன். எனக்கு யாரு இருக்கா?"

வாசகர்களே, எதற்கும் ஒரு பதில் நகைச்சுவை வைத்திருப்பவன் நான். ஒன்றை எடுத்துவிட நிமிர்ந்தபோதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். போன வருஷத்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். பந்தயத்தில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் போவது என்ற முடிவோடு. சுடிதாரின் கை ஏறிக்கிடந்தது. கால் கணுக்காலுக்கு மேல் நின்றது. இந்த நாலைந்து மாதத்தில் அவள் வளர்ந்திருக்கிறாள். வீட்டிலேயே இருந்து பாடத்திட்டம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அது தெரியவில்லை.

"போ மக்கா" என்றேன். "மூணு பேரும் போங்க."

மூன்று பேரும் போனார்கள். அஜின் மட்டும் கேட் வரை போய்த் திரும்பினான். "அப்பா, தனியா இருந்துக்கிடுவீங்களா?"

"பள்ளிக்கூடத்த யாராவது பாக்கணும்லாடே?" என்றேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்பலாம் என்று பேசிப் பார்த்தேன். புத்தகமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கறை, எடுக்க முடியாது என்றார்கள். அது கறை இல்லை, கடாட்சம் என்று விளக்கிச் சொன்னேன். அவர்கள் விதிமுறையில் கடாட்சத்துக்கு இடம் இல்லையாம்.

வீணாக்குவானேன்? இப்போது தினமும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் ஒழுங்காகக் கூடுகிறது. மாணவர் ஒருவர். பனிவீடு முடித்துவிட்டார், பின்னங்கள் தாண்டிவிட்டார். இன்றைக்கு 'சராசரி' பாடம். எவ்வளவு முயன்றாலும் விடை தப்பாகவே வருகிறது.

சாயங்காலம் அபி வரட்டும். கேட்க வேண்டும்.