அத்தை ஏறிய கோட்டை

எங்கள் குடும்பம் ஊர் சுற்றிப் பார்க்கவென்று கிளம்பியது ஒரே ஒரு முறைதான். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, குலதெய்வக் கோயில் என்று போனதெல்லாம் இதில் சேராது. அப்பாவைப் பொறுத்தவரை, சோலியில்லாமல் ஓர் இடத்தில் போய் நிற்பவன் வெட்டிப்பயல். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம எல்லாரும் ரஞ்சன்குடி கோட்டைக்குப் போறோம்" என்றார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

கோட்டை எப்படி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராஜா படுத்த கட்டில் இருக்கும். ராணி முகம் பார்த்த கண்ணாடி இருக்கும். சிம்மாசனத்தில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி ஒரு போலீஸ்காரர் காவல் நிற்பார். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு முழுக்க இதைச் சொல்லி முடித்துவிட்டேன். போய்ப் பார்த்தால் வெயிலும் கல்லும்தான் இருந்தன. திங்கட்கிழமை அதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு மட்டும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. அது பெண் பார்க்கும் காரியம். பெண், என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளைக் கரையேற்றும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. குரும்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனவர்கள் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் காலை குழாயடியில் தெருப் பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "என்னாச்சு, ஒத்துவந்துச்சா?" என்று விசாரிப்பார்கள். அதில் அக்கறை கொஞ்சம், ஆவல் நிறைய.

அதனால்தான், வீட்டில் வேண்டாம், பொது இடத்தில் பார்த்துக்கொள்வோம் என்று மீன்சுருட்டிக்காரர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பியதும் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரஞ்சன்குடி கோட்டை என்று இடத்தையும் அவர்களே சொல்லியிருந்தார்கள். மீன்சுருட்டிக்குக் கங்கைகொண்ட சோழபுரம் கூப்பிடு தூரம். அந்தக் கோயிலின் புல்தரையில் உட்கார்ந்து பெண் பார்த்துப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அதை விட்டுவிட்டு எதற்கு இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று அம்மா கேட்டாள்.

"நம்மள அலைய வுடக்கூடாதுன்னு நெனைக்கிறாங்க. பெரிய மனுசங்கன்னா அப்புடித்தான்" என்றார் அப்பா.

அத்தையை இதுவரை யாரும் கட்டாததற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததாம். போகிற போக்கில் அது இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளுக்கு ஊசி போட வேண்டும். என்னிடம் அதைச் சத்து ஊசி என்று சொல்லியிருந்தார்கள். திருச்சி டாக்டர், "கல்யாணம் பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஆபரேசன் பண்ணிடணும். இல்லாம புள்ள உண்டாச்சுன்னா உடம்பு தாங்காது" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதில் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆபரேசன் என்றால் நெஞ்சில் தழும்பு. தழும்போடு இருக்கும் பெண்ணை எவன் கட்டுவான்? முதலில் தாலி ஏறட்டும், பிறகு மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லி எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

எனக்குத் தெரிந்த அத்தை, வேடிக்கை பார்ப்பதில் பிரியமுள்ளவள். டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு உட்கார்ந்த வேலை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போய் அவளைக் கூட்டிவருவது என் வேலை. வழியில் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளினால் நிற்பாள். சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தால் அச்சகத்தின் பெயர்வரை படிப்பாள். வெங்காயத்தைக் குவித்துச் சேமிக்கப் பட்டறை போடுகிறவர்களிடம் இந்த வருஷம் விலை எப்படி என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். மற்ற பெரியவர்களைப்போல் விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போகாத அத்தை கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா புளிசோறு கிளறினாள். முகம் சரியில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சொல்லிப்புடலாம்ங்க. பொறவு தெரிஞ்சா இன்னும் வெனையாயிடும்" என்றாள். "நல்ல காரியத்துக்குப் போறப்ப வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று அப்பா வாடகை வேனை எட்டிப் பார்க்கப் போய்விட்டார். அத்தை மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். ராஜா வீட்டுக்குப் போகிறோம் அல்லவா, அதற்குத் தக்கபடி உடுத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் பட்டுப்பாவாடை வேண்டும் என்று அழுது, ஓர் அடி வாங்கி, அதையும் சாதித்துக்கொண்டேன்.

அகழியைத் தாண்டி வாசலுக்குப் போனபோது மீன்சுருட்டிக்காரர்கள் முன்பே வந்து வேப்பமர நிழலில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். மாப்பிள்ளை செல்போனையும் தன் செருப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கனத்த சரீரம், மெல்லிய குரல். எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். வழியில் சந்தித்த நல்லவர்கள் என்று அவர்களை நான் எடுத்துக்கொண்டேன். குசலம் விசாரித்து முடிந்ததும் அந்த அம்மா நிமிர்ந்து மேட்டுக்கோட்டையைப் பார்த்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டுக் கீழயே நின்னா எப்புடி? மேல ஏறிப் பாக்கலாம் வாங்க."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முழங்கால் வலிங்க. நீங்க போயிட்டு வாங்க. அவ எனக்குத் தொணையா இங்கயே இருக்கட்டும்."

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. முந்தின நாள்கூட மக்காச்சோள மூட்டையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாராதுபோல வந்த ஒரு நாள், அதையும் கெடுக்கப் பார்க்கிறாள். போதாக்குறைக்கு அத்தையையும் பிடித்து வைத்துக்கொள்கிறாள். நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் அவள் வந்தது என் இழுப்புக்காக இல்லை.

"நான் போயிட்டு வரேன் அண்ணி" என்றாள். அம்மா அவளுடைய புடவைத் தலைப்பை ஒரு கணம் பிடித்தாள். அத்தை சிரித்துக்கொண்டே அதை விடுவித்துக்கொண்டாள்.

படிகள் என்றால் நம் வீட்டுப் படிகள் இல்லை. ஒவ்வொன்றும் என் முழங்காலுக்கு வரும் கல். அந்த அம்மா அத்தைக்குப் பக்கத்திலேயே ஏறினார். அவருக்கே இரைத்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. என்ன சமைக்கத் தெரியும், மாடு கன்று பழக்கமுண்டா, வேலைக்குப் போவது பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தை "ம்" என்றாள். "தெரியும்" என்றாள். "உண்டுங்க" என்றாள். ஒரு சொல்லுக்கு மேல் பேசவில்லை. அடக்கமான பெண் என்று அந்த அம்மா பின்னால் மெச்சிக்கொண்டது இதைத்தான்.

நான் முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். கொத்தளத்தின் பொந்தில் கிளிகள் கூட்டமாக இருந்தன. "அத்த, கிளி பாரு" என்றேன். பார்க்கவில்லை. சுரங்க வழி என்று சொல்லும் இருட்டான ஒரு வாயில் வந்தது. அதையும் காட்டினேன். தலையைக்கூடத் திருப்பவில்லை. ஆட்டுக்குட்டிக்கு நிற்பவள், போஸ்டருக்கு நிற்பவள், வேடிக்கை பார்ப்பதற்கென்றே வந்த இடத்தில் எதையும் பார்க்காமல் அடுத்த படியை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினாள். எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. அப்பா பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் அத்தையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலே கூரையில்லாத சுவர்கள், வளைவுகள், ஓரமாக ஒரு குளம். கட்டில் இல்லை, கண்ணாடி இல்லை. அந்த அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். அத்தை உட்காரவில்லை. "அந்தப் பக்கம் பாத்துட்டு வரேங்க" என்று இடிந்த ஒரு சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு கையால் கல்லைப் பிடித்துக் குனிந்து நின்றாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் நீர் வழிந்தது. உதடு நாவல் பழம் தின்றதுபோல் இருந்தது. அடக்க முடியாமல் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. அதுவும் துண்டு துண்டாக.

"அங்க போயி... அத்த ஊரப் பாத்துக்கிட்டு நிக்கிது... காத்து நல்லா வருதுன்னு... சொல்லு."

எனக்கு ஒரு பொறுப்பான வேலை கிடைத்துவிட்டது. ஓடிப்போய் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். "அப்புடியா" என்று அந்த அம்மா சிரித்து என் கன்னத்தைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். முகம் துடைத்து, பொட்டைச் சரிசெய்து, புடவை மடிப்புக் கலையாமல் நடந்து வந்தாள். அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் முழுசாக மலர்ந்தது.

கீழே இறங்கி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். கைகழுவியதும் அந்த அம்மா பையிலிருந்து ஒரு பந்து மல்லிகையை எடுத்து அத்தையின் தலையில் வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்ற பேச்சே இல்லை. அங்கேயே முடிந்துவிட்டது. அப்பா நான் கேட்காமலே எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அம்மா பாத்திரங்களை எடுத்து வைக்கிற சாக்கில் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். சந்தோஷமான நேரத்திலும் அழ இந்த அம்மாவால்தான் முடியும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பும்போது வேனில் அத்தையின் மேல் சாய்ந்துகொண்டேன். அவள் நெஞ்சு என் காதுக்குள் தடதடவென்று அடித்தது.

"நான் எப்புடி ஏறுனேன்?" என்று கேட்டாள்.

"ஒரு எடத்துலகூட நிக்கல. நீதான் ஃபர்ஸ்ட்டு."

அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அண்ணன் வீட்டில் கடைசிவரை ஒரு மூலையில் கிடக்கப் போகிறோமோ என்ற பயம் அவளுக்கு நெடுநாளாக இருந்திருக்கிறது. அது அன்று விட்டது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பக்குவமாகச் சொல்வதற்கான நேரம் அப்பாவுக்கு வரவேயில்லை. புது வீட்டில் ஊசிக்குக் காரணம் சொல்ல முடியாமல் அத்தை ஊசியை நிறுத்தினாள். பிள்ளை உண்டானதும் அம்மா மட்டும் தனியாக பஸ் ஏறி மீன்சுருட்டிக்குப் போய், திருச்சி டாக்டரிடம் போவோம் வா என்று கெஞ்சியிருக்கிறாள். போனால் எல்லாம் வெளியே வந்துவிடும் அண்ணி, கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்று அத்தை சொல்லி அனுப்பிவிட்டாள். வளைகாப்புக்கு வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

மீன்சுருட்டி வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். அப்பா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை.

"எங்க காதுலயும் வுழுந்துச்சுங்க. பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறு, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும்னு. ஊர்ல ஆயிரம் பேசுவாங்க, நம்ம கண்ணால பாத்துக்குவோம்னுதான் கோட்டைக்கு வரச் சொன்னேன். எங்கூடவே ஏறுனாளே. எனக்கே எரைச்சுச்சு, அவளுக்கு எரைக்கல. சொன்னவங்கதான் பொய் சொல்றாங்கன்னு நெனச்சுட்டேனே."

 அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையை என்னவோ குறை சொல்கிறார்கள், அவளுக்காக எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் பட்டது. நான் அம்மாவின் மடியை விட்டு எழுந்து நின்றேன்.

"ஆமாங்க, எங்க அத்த நெசமாத்தான் ஏறுச்சு. ஒரு எடத்துலகூட நிக்கல. நானும் பாத்தேன்."

அந்த அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு மறுபடியும் அழ ஆரம்பித்தார். அப்பா எழுந்தார். துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வெளியே போனார். நான் அத்தையைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொன்னேன். அதற்கு அவர் ஏன் அப்படி எழுந்து போனார் என்று எனக்கு விளங்கவில்லை.